நாலு உள்ளங்கை

சென்ற மாதம் சென்னையிலிருந்து ஒரு சகோதரி எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் என்ன மாதிரி இருக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியுமே! மாவடு அழுகிப் போவது ஏன், பையனுக்குக் கணக்கு வரவில்லையே, நாத்தனார் முகம் கொடுத்துப் பேசுவதில்லையே என்று இப்படி. இந்தக் கடிதம் வேறு விதம்.

"என் வீட்டுக்காரர் கை மாறிய கார் ஒன்று வாங்கியிருக்கிறார். இருநூற்றைம்பது குதிரைச் சக்தியாம். அதிகம் ஓடாத வண்டி, புதுசு மாதிரியே இருக்கிறது. ஆடி மாதம் குழந்தைகளை அழைத்துக் கொண்டு குற்றாலத்துக்குப் போவதாக ஏற்பாடு. அதற்குள் டயர் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். இருப்பதைவிட அகலமாகப் போட்டால் மழையில் நன்றாகப் பிடிக்கும் என்கிறார் இவர். நன்றாக இருக்கும் டயரை ஏன் தூக்கிப் போட வேண்டும், போய் வந்து மாற்றிக் கொள்ளலாமே என்கிறேன் நான். நீங்கள் அந்தப் பக்கத்துக்காரர் ஆயிற்றே, யார் சொல்வது சரி?"

சகோதரி, கோபித்துக் கொள்ளாதீர்கள். இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. டயரைப் பற்றிப் பேச இவளுக்கு என்ன தெரியும் என்று உங்கள் வீட்டுக்காரர் சிரிக்கலாம். சிரிக்கட்டும். நீங்கள் இப்போது சொல்லும் அதே வார்த்தையை நானும் ஒரு காலத்தில் சொன்னவள். சொல்லிவிட்டு அதன் பலனைப் பின் ஸீட்டில் உட்கார்ந்து அனுபவித்தவள். அந்தக் கதையை இதுவரை இந்தப் பக்கத்தில் எழுதியதில்லை. எழுத வெட்கமாக இருந்தது.

எங்கள் ஊர் சுந்தரபாண்டியபுரம். 1992-இல் வந்த 'ரோஜா' படம் பார்த்தவர்களுக்குப் பெயர் நினைவிருக்கும். கதாநாயகியின் ஊர் அதுதான். தென்காசிக்குப் பக்கம். மேற்கே பார்த்தால் மலை. மலைக்கு மேல் எப்போதும் நாலு மேகம். ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று கிளம்பி வந்து சாரலைக் கொண்டு வந்து தெளிக்கும். அதே சமயம் வயல்களில் சூரியகாந்தி பூத்துக் குலுங்கும். குற்றாலத்துக்கு வந்தவர்களெல்லாம் குளித்த தலை உலர்வதற்குள் எங்கள் ஊருக்கு வந்து, பூவுக்கு நடுவில் நின்று படம் எடுத்துக் கொண்டு போவார்கள்.

சாரல் என்பது பெருமழை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். பெருமழை ரஸ்தாவைக் கழுவி விட்டுப் போய்விடும். சாரல் கழுவாது, நனைக்கும். டிராக்டர் சக்கரம் வயலிலிருந்து இழுத்து வந்த சேறு, மாட்டுச் சாணம், லாரி சிந்திய எண்ணெய் எல்லாவற்றையும் குழைத்து, தோசைக் கல்லில் எண்ணெய் தடவுகிற மாதிரி ரஸ்தா முழுவதும் தடவி வைக்கும். நடுவில் ஒரு நாள் கனமழை பிடித்துக் கொண்டால், பள்ளமான இடத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும். மேலே சாரல், கீழே தேக்கம். இப்படிப்பட்ட ரஸ்தாவுக்குத்தான் நாம் பட்டணத்திலிருந்து பலமான கார்களை ஓட்டிக் கொண்டு வருகிறோம்.

என் தம்பி மகன் அப்படி ஒரு கார் வைத்திருந்தான். கால் வைத்தால் பாயும். ஒரு வருஷம் ஆனி மாதம் ஊருக்குப் புறப்படுமுன், "அத்தை, டயர் தேய்ந்திருக்கிறது, நாலும் மாற்ற வேண்டும்" என்றான். விலை கேட்டேன். என் தலை சுற்றியது. "எல்லாம் ஒரே மாதிரியா தேய்ந்திருக்கிறது? பின்னால் இருப்பவை நன்றாகத்தானே இருக்கின்றன? இப்போது இரண்டு மாற்று, மற்ற இரண்டைத் தீபாவளிக்குப் பார்த்துக் கொள்ளலாம்" என்றேன். புடவையின் கிழிசலை மடிப்புக்குள் மறைத்துக் கட்டி இன்னும் ஒரு வருஷம் ஓட்டுகிற குடும்பத்தில் பிறந்தவள் வேறு என்ன சொல்வேன்? அவனும் புது டயர் இரண்டையும் முன்னால் போட்டுக் கொண்டான். ஸ்டியரிங் முன் சக்கரத்தில்தானே இருக்கிறது என்பது அவன் கணக்கு.

குற்றாலத்தில் குளித்துவிட்டுச் சாயங்காலம் ஊருக்குத் திரும்பினோம். சாரல் விட்டிருந்தது. வளைவில் கால்வாய் வழிந்து ரஸ்தாவின் குறுக்கே தண்ணீர் நின்றது. ஆழம் ஒன்றும் இல்லை. கொலுசு நனையாத தண்ணீர். வேகம் எண்பது இருக்கும். முன் சக்கரம் தண்ணீரைப் பிளந்து கொண்டு போயிற்று. அடுத்த கணம் என் முதுகுக்குப் பின்னால் காரின் வால் மட்டும் தனியாகக் கழன்று போகிற மாதிரி ஓர் உணர்ச்சி. சத்தமே இல்லை. மலை ஜன்னலைக் கடந்து போயிற்று, பிறகு சூரியகாந்தி, பிறகு மறுபடியும் மலை. ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, பூக்களுக்கு நடுவில் போய் நின்றோம்.

எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த வளைவில் பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக் கொண்டு வந்து கொண்டிருந்தாள். காரின் பின்பக்கம் அவளை ஒரு கை தூரத்தில் கடந்து போயிருக்கிறது. அவள் குடை வாய்க்காலில் மிதந்தது. அதை எடுத்துக் கொண்டு ஓடி வந்து ஜன்னலைத் தட்டி, "ஆச்சி, அடி கிடி பட்டுச்சா?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவள் கையைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு மிச்சமாகியிருந்தது இரண்டு டயரின் விலை.

மறுநாள் காலை தென்காசியில் ஒரு டயர்க் கடைக்குப் போனோம். கடைக்காரர் வயதானவர். காரைச் சுற்றி வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. தீப்பெட்டியிலிருந்து ஒரு குச்சியை எடுத்து முன் டயரின் பள்ளத்தில் விட்டு, ரப்பரின் மட்டத்தில் நகத்தால் அடையாளம் வைத்து ஒடித்தார். பின் டயரிலும் அப்படியே இன்னொரு குச்சி. இரண்டு துண்டுகளையும் என் உள்ளங்கையில் வைத்தார். ஒன்று ஏழு மில்லிமீட்டர். மற்றது இரண்டுதான்.

"தம்பி, புதுசைக் கொண்டு போய் முன்னால போட்டிருக்கியளே" என்றார்.

"ஸ்டியரிங் முன்னால் இருக்கிறதே, அண்ணாச்சி."

"முன் சக்கரம் வழுக்கினா வண்டி நேராப் போகும். கையிலே தெரியும், காலை எடுத்தா அடங்கும். பின் சக்கரம் வழுக்கினா உங்க கையிலே ஒண்ணும் தெரியாது. தெரியும்போது வண்டி திரும்பி நிக்கும். இரண்டுதான் புதுசு வாங்க முடியும்னா, அது எப்பவும் பின்னாலதான் போகணும். எந்தச் சக்கரம் இழுக்கிற வண்டியா இருந்தாலும் அதுதான் கணக்கு."

பெரிய டயர்க் கம்பெனிகளும் இதையேதான் சொல்கின்றன என்று பிறகு படித்துத் தெரிந்து கொண்டேன். என் தம்பி மகன் விடவில்லை. "காரில் கம்ப்யூட்டர் இருக்கிறது. வழுக்கினால் அதுவே ஒவ்வொரு சக்கரமாகப் பிரேக் போட்டுச் சமாளிக்கும்" என்றான்.

"சரிதான் தம்பி. அது பிரேக் போடும். ஆனா பிரேக் சக்கரத்தைத்தானே பிடிக்கும்? ரஸ்தாவைப் பிடிக்கிறது டயரு. டயரு தண்ணியிலே மிதந்தா கம்ப்யூட்டர் யாரைப் பிடிக்கும்?"

இந்த மிதப்பைப் பற்றித்தான், சகோதரி, நீங்கள் முதலில் புரிந்து கொள்ள வேண்டும். மற்றதெல்லாம் தானே விளங்கிவிடும்.

ஒரு பென்ஸிலை எடுத்துக் கொள்ளுங்கள். கார் 1,600 கிலோ என்று வைத்துக் கொள்வோம். ஒரு சக்கரத்துக்கு 400 கிலோ. டயரில் காற்று 32 பவுண்டு. அதாவது ஒரு சதுர செண்டிமீட்டருக்குச் சுமார் இரண்டேகால் கிலோ தாங்கும். 400-ஐ இரண்டேகாலால் வகுத்தால் 178 சதுர செண்டிமீட்டர். இதுதான் ஒரு டயர் தரையைத் தொடும் இடம், ஏறக்குறைய. உங்கள் கையை விரித்து மேஜையில் வையுங்கள், அவ்வளவுதான். இருநூற்றைம்பது குதிரைகளும், பிரேக்கும், கம்ப்யூட்டரும், பின் ஸீட்டில் தூங்கும் குழந்தைகளும் இந்த நாலு உள்ளங்கையை நம்பித்தான் இருக்கிறார்கள்.

இப்போது ரஸ்தாவில் மூன்று மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிறது. டயரின் அகலம் 225 மில்லிமீட்டர். வண்டி எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த ஒரு டயர் தன் வழியில் இருக்கும் தண்ணீரை ஒரு நொடிக்கு எவ்வளவு அப்புறப்படுத்த வேண்டும் தெரியுமா? பதினைந்து லிட்டர்! நொடிக்கு ஒரு குடம். பள்ளம் பள்ளமாக டயரில் வெட்டியிருக்கிறதே, அழகுக்கு என்றா நினைத்தீர்கள்? அந்தக் குடம் தண்ணீர் ஓடுவதற்கான வாய்க்கால் அது. வாய்க்கால் தூர்ந்து போனால் வயலில் என்ன ஆகும்? தண்ணீர் மேலே ஏறும். இங்கே தண்ணீர் டயருக்கு அடியில் ஆப்பு மாதிரி நுழைந்து வண்டியையே தூக்கிவிடும். பிறகு ஸ்டியரிங் பூப்போல இலேசாகிவிடும். அப்போது சந்தோஷப்படக் கூடாது!

மோட்டார்ப் பந்தயம் பார்த்திருக்கிறீர்களா? 2005-இல் நம் நரேன் கார்த்திகேயன் முதல் இந்தியராக ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டினாரே, அந்தப் பந்தயத்தில் இன்று ஓடும் கார்களுக்கு வெயில் நாளில் டயர் வழவழவென்று மொட்டையாக இருக்கும். பள்ளமே கிடையாது. உலர்ந்த தரையில் முழு ரப்பரும் தொட்டால் பிடிப்பு அதிகம். மழை பெய்தால் ஓடி வந்து பள்ளம் வெட்டிய டயரை மாட்டிக் கொள்வார்கள். கனமழைக்கென்று செய்த டயர் ஒன்று, 300 கிலோமீட்டர் வேகத்தில், நொடிக்கு 85 லிட்டர் தண்ணீரை வாரி எறிகிறது. அவர்களுக்கு நிமிஷத்தில் டயர் மாற்ற ஒரு பட்டாளமே நிற்கிறது. நமக்கு வெயிலுக்கும் மழைக்கும் ஒரே டயர்தான். அதனால் அதை மழைக்கென்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெயிலில் அது தானாகவே உழைக்கும்.

அமெரிக்காவில் நாஸா விஞ்ஞானி வால்டர் ஹார்ன் என்பவர் 1963-இல் இந்த மிதப்புக்கு ஒரு கணக்கு வெளியிட்டார். ஆகாய விமானங்கள் ஈரத் தரையில் இறங்கும்போது வழுக்கியதால் ஆராயப் புகுந்த விஷயம். டயரில் எத்தனை பவுண்டு காற்றோ, அதன் வர்க்கமூலத்தைப் பதினேழால் கொஞ்சம் குறையப் பெருக்கினால், எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கும் என்பது வந்துவிடும். 36 பவுண்டுக்கு வர்க்கமூலம் ஆறு, நூறு கிலோமீட்டர். 25 பவுண்டுக்கு ஐந்து; எண்பத்துமூன்று கிலோமீட்டர். பள்ளத்தால் ஏற்க முடியாத அளவுக்குத் தண்ணீர் நின்றால் ஏற்படும் நிலை இது. விமான டயரை வைத்துப் போட்ட கணக்கானதால், அகலமான கார் டயர் இன்னும் முன்னதாகவே மிதக்கலாம்.

இதிலிருந்து ஒரு தவறான நம்பிக்கை உடைந்து போகிறதா? மழை நாளில் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் டயர் பரந்து நன்றாகப் பிடிக்கும் என்று சிலர் சொல்வார்கள். மணலில் அது சரி. ஈரத் தார் ரோட்டில் நேர் விரோதம். காற்று குறையக் குறைய, மிதக்கும் வேகமும் குறைகிறது. டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால் கம்பத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு, குடும்பத்தோடு சாமானும் ஏற்றினால் எவ்வளவு என்று. புறப்படும் அன்று காலை, வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன்னால், அந்த அளவுக்குப் பிடிக்கச் சொல்லுங்கள்.

அகலமாகப் போடுவது என்ற உங்கள் வீட்டுக்காரரின் யோசனைக்கு வருகிறேன். நாம் போட்ட வகுத்தல் கணக்கில் அகலம் எங்கேயாவது வந்ததா? பாரமும் காற்றும்தான் வந்தன. காற்று அதே அளவு இருந்தால் தரையைத் தொடும் இடமும் ஏறக்குறைய அதே அளவுதான். அகல டயரில் அது குறுக்கே நீண்டு, நெடுக்கே குறுகி இருக்கும். உலர்ந்த ரஸ்தாவில் வேகமாக வளைவதற்கு அது நல்லது. பலமான காருக்குக் கம்பெனியே அகலமாகக் கொடுப்பதும் அதனால்தான். தண்ணீரில் கதை வேறு. கரண்டிக் காம்பைத் தொட்டித் தண்ணீரில் இழுத்துப் பாருங்கள். கிழித்துக் கொண்டு போகும். தாம்பாளத்தைச் சாய்த்து இழுங்கள். மேலே ஏறி வழுக்கும். ஆகவே கம்பெனி எந்த அளவு கொடுத்திருக்கிறதோ அந்த அளவே போதும். அதற்கு மேல் அகலமாக்குவது கண்ணுக்கு அலங்காரம், மழையில் அபாயம்.

அளவு எங்கே எழுதியிருக்கிறது என்கிறீர்களா? டயரின் பக்கத்திலேயே இருக்கிறது. 225, 45, ஆர், 17 என்று வரிசையாகப் போட்டிருக்கும். 225 மில்லிமீட்டர் அகலம்; பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 45 பங்கு; ஆர் என்பது ரேடியல் என்னும் கட்டுமானம்; 17 அங்குலச் சக்கரம். அதற்குப் பக்கத்தில் 94 டபிள்யூ மாதிரி ஓர் எண்ணும் எழுத்தும். 94 என்றால் ஒரு டயர் 670 கிலோ தாங்கும். எழுத்து வேகத்தின் எல்லை: எச் 210 கிலோமீட்டர், வி 240, டபிள்யூ 270, ஒய் 300. "நாம் யார் அம்மா இருநூற்றெழுபதில் போகப் போகிறோம், எச் போதுமே, விலையும் குறைவு" என்று கடையில் சொன்னால் மயங்காதீர்கள். பலமான காரின் பாரத்துக்கும் சூட்டுக்கும் பிரேக்குக்கும் சேர்த்துக் கம்பெனி நிர்ணயித்தது அது. அதற்குக் கீழே இறங்கக் கூடாது.

அளவு சரியாக இருக்கும் டயர்களிலேயே பத்து விதம் காட்டுவார்கள். மழைக்கு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? புடவைக் கடையில் நாம் விலையை மட்டுமா பார்க்கிறோம்? தலைப்பு, கரை, நெசவு, சாயம் எல்லாம் பார்க்கிறோம் அல்லவா? அது போல நாலு விஷயம் பாருங்கள்.

முதலாவது, பள்ளங்கள். சுற்றிலும் நெடுக ஓடும் அகலமான வாய்க்கால் மூன்று நாலு இருக்க வேண்டும். அவற்றிலிருந்து பக்கவாட்டில் தண்ணீர் வெளியேற வழி வெட்டியிருக்க வேண்டும். அம்பு போட்ட டயரானால் அம்பு காட்டும் திசையில்தான் சுழல வேண்டும். சில டயர்களில் வெளிப்பக்கம் எது என்று எழுதியிருக்கும். மாட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்துக் கொள்ளுங்கள். மாற்றி மாட்டினால், தண்ணீரை வெளியே தள்ள வேண்டிய வாய்க்கால் சரியாக வேலை செய்யாது.

இரண்டாவது, ஈரப் பிடிப்பு. மிதக்காத டயர்கூட ஈரத் தரையில் வழுக்கலாம். அது ரப்பர்க் கலவையின் குணம். ரப்பரோடு கரியை மட்டும் சேர்த்து வந்தார்கள். ஸிலிகாவைச் சேர்த்தால் பெட்ரோலும் மிச்சம், ஈரத்திலும் பிடிக்கும் என்பதைக் கண்டு, 1992-இல் மிஷலின் கம்பெனி அப்படிப்பட்ட டயரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. இன்று நல்ல டயர்களிலெல்லாம் ஸிலிகா இருக்கிறது. ஐரோப்பாவில் டயருக்கு ஒட்டும் சீட்டில் மழை மேகப் படம் போட்டு, ஏ முதல் ஈ வரை தரம் குறித்திருப்பார்கள். கடையில் அந்தச் சீட்டோடு டயர் இருந்தால், மேகத்துக்கு நேராக ஏ அல்லது பி பாருங்கள். சில டயர்களின் பக்கத்தில் அமெரிக்க முறைப்படி 'டிராக்‌ஷன்' என்று பொறித்து ஏஏ, ஏ, பி, சி என்று ஓர் எழுத்து இருக்கும். ஈரத்தில் நேராகப் பிரேக் போட்டு நிறுத்திப் பார்த்த தரம் அது. ஏஏ மேல். நம் நாட்டிலும் 2022-இல் மத்திய அரசு ஈரப் பிடிப்புக்குக் குறைந்தபட்ச அளவு ஒன்றை வகுத்தது. ஒன்று மட்டும் ஏமாறக் கூடாது. குளிர்ப்பெட்டியில் இருக்கிற மாதிரி நட்சத்திரம் போட்ட சீட்டு சில டயர்களில் இருக்கும். அந்த நட்சத்திரம் பெட்ரோல் சிக்கனத்துக்கு, மழைக்கு அல்ல.

மூன்றாவது, வயது. பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் வருஷத்தின் இருபத்துமூன்றாவது வாரம் செய்தது. சகோதரி, உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்திய வாக்கியம் 'அதிகம் ஓடாத வண்டி, புதுசு மாதிரியே இருக்கிறது' என்பதுதான். ஓடாமல் ஷெட்டில் நின்றாலும் ரப்பருக்கு வயதாகும். பழைய அழிரப்பரை நினைத்துக் கொள்ளுங்கள். தேயவே இல்லை, ஆனால் அழிக்கவும் அழிக்காது, காகிதத்தில் வழுக்கும். ஐந்தாறு வருஷமான டயர் பார்வைக்கு ஜோராக இருந்தாலும் ஈரத்தில் அந்தக் கதைதான். முதலில் போய் அந்த நாலு இலக்கத்தைப் பாருங்கள்.

நாலாவது, எத்தனை நாள் உழைக்கும் என்ற கேள்வியை முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். நமக்கு ரொம்பக் கஷ்டமான விஷயம்தான். பாத்திரமோ ஜமக்காளமோ வாங்கினால் முதலில் அதைத்தான் கேட்போம். ஆனால் ரொம்ப நாள் தேயாமல் இருக்கும்படி இறுகச் செய்த டயர் ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. பலமான காருக்கு மென்மையான ரப்பர்தான் பொருத்தம். சீக்கிரம் தேயும். அது டயரின் குற்றம் அல்ல. தேய்ந்துதான் அது நம்மைப் பிடித்து வைத்திருக்கிறது.

எப்போது மாற்றுவது? புது டயரில் பள்ளம் சுமார் எட்டு மில்லிமீட்டர் இருக்கும். பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும். ரப்பர் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்தால் 1.6 மில்லிமீட்டர். நம் நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் கடைசி எல்லை அது. என் தம்பி மகனும் கடையில் இதைத்தான் சொன்னான்: "சட்டப்படி இன்னும் ஓட்டலாமே, அண்ணாச்சி?"

"ஓட்டலாம் தம்பி. போலீஸ்காரர் நிறுத்த மாட்டார். தண்ணி நிறுத்தும்."

மழை ரஸ்தாவில் ஓட்டுகிறவர்கள் மூன்று மில்லிமீட்டரில் மாற்றிவிட வேண்டும் என்பது அவர் சொன்ன கணக்கு. அனுபவமுள்ள பலர் சொல்வதும் அதுவே. தீக்குச்சியை விட்டுப் பாருங்கள். ஒரு டயரில் உள்பக்கம், நடு, வெளிப்பக்கம் மூன்று இடத்தில் பாருங்கள். உள்பக்கம்தான் குனியாதவர்கள் கண்ணில் படாமல் தேய்ந்து கிடக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே அளவு டயரானால், அவ்வப்போது இடம் மாற்றிப் போட்டுச் சமமாகத் தேயச் செய்யலாம். சில பலமான கார்களில் பின் டயர் அதிக அகலமாக இருக்கும். அதில் முன்னும் பின்னும் மாற்ற முடியாது, பின்னால் சீக்கிரம் தேயும். குச்சியை அடிக்கடி எடுக்க வேண்டியதுதான்.

இன்னும் ஒரு சந்தேகம் வரும். கடையில் பனிப்பூப் படம் போட்ட டயர் இருந்தால், மழைக்கும் பனிக்கும் சேர்த்துத்தானே என்று ஆசைப்பட வேண்டாம். அது உறைபனி விழும் நாட்டுக்கு. நம் ஊர் வெயிலில் அந்த ரப்பர் குழைந்து போகும். தென்காசிச் சாரல் எவ்வளவு ஜில்லென்று இருந்தாலும் அது குளிர் அல்ல, இதமான ஈரம்தான்.

டயர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஓட்டுகிறவர் கால் கட்டுப்பாடாக இருக்க வேண்டும். தண்ணீர் தேங்கிய இடம் கண்ணில் பட்டால், அதற்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். தண்ணீருக்குள் போன பிறகு அல்ல. வண்டி மிதப்பது போலத் தோன்றினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெள்ள எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக் கொள்ள வேண்டும். பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. வேகத்தைத் தானே பிடித்து வைத்துக் கொள்ளும் பொத்தான் இருந்தால் மழையில் அதை அணைத்துவிட வேண்டும். பல புதுக் கார்களில் ஸ்டெப்னி என்று ஒல்லியான சக்கரம் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதை மாட்டினால் 80 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கும். மழையில் அதற்கும் குறைவாகவே போய் அடுத்த கடையில் மாற்றிவிடுங்கள். சூரியகாந்தியைப் பார்த்ததும் ரஸ்தாவை விட்டு வயலோரச் சேற்றில் இறக்காதீர்கள். இருநூற்றைம்பது குதிரையும் அங்கே நின்ற இடத்திலேயே சுற்றும். பிறகு எங்கள் ஊர்ப் பிள்ளைகள்தான் வந்து தள்ள வேண்டும்!

செங்கோட்டை தாண்டிக் கணவாய் இறங்கிப் புனலூர்ப் பக்கம் போனால் ரப்பர்த் தோட்டங்கள் வரும். மழைக்காலத்தில் பால் வடிக்கும் மரத்துக்கு, வெட்டுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருப்பார்கள். மழைத் தண்ணீர் பால் சிரட்டையில் விழாமல் இருப்பதற்காக. ரப்பருக்குத் தண்ணீரை விலக்கி வைக்க வேண்டும் என்பது மரமாக இருக்கும்போதே ஆரம்பித்துவிடுகிறது போலும் என்று நான் நினைத்துக் கொள்வேன்.

ஆகவே, சகோதரி, போய் வந்து மாற்றாதீர்கள், மாற்றிவிட்டுப் போங்கள். நாலும் மாற்றுங்கள். இரண்டுதான் முடியுமென்றால், அதுவும் பழைய இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இருந்து வயதும் ஆகாதிருந்தால், புதுசைப் பின்னால் போடுங்கள். அதுவும் இல்லை என்றால், இந்த ஆடிக்கு ரயில் இருக்கிறது. சென்னையிலிருந்து ராத்திரி ஏறினால் விடிந்ததும் தென்காசி. இதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

நாங்கள் அன்றைக்கே பின் டயர் இரண்டையும் மாற்றினோம். நான்தான் பணம் கொடுத்தேன். கடைக்காரர் ஒடித்த குச்சித் துண்டுகளை என் அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்குப் பக்கத்தில் போட்டு வைத்தேன், இன்னும் இருக்கின்றன. அந்தப் பெண் இப்போது தென்காசியில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறாள். ஊருக்குப் போகும்போதெல்லாம் அவளைப் பார்க்காமல் வருவதில்லை. அவளுக்கு அந்தச் சாயங்காலம் அவ்வளவாக நினைவில்லை. குடை போனதுதான் நினைவிருக்கிறதாம். எனக்கு அந்த ஒரு கை தூரம் நினைவிருக்கிறது.

சாரல் நன்றாக விழட்டும். பேரருவியில் நிற்கும்போது எனக்கும் சேர்த்து இரண்டு நிமிஷம் நில்லுங்கள். புறப்படுமுன் ஒரு தீப்பெட்டி எடுத்துக் கொண்டு கீழே இறங்கிக் காரைச் சுற்றி வாருங்கள். யாராவது சிரித்தால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.